மூன்றாம் வேற்றுமை

வாளிச் சத்தம் இன்னும் வரவில்லை. தணிகாசலம் கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, கையிலிருந்த காப்பி ஆறுவது தெரியாமல் அரைக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக் கிணற்றைச் சிறுவயதில் பார்த்ததுதான். அப்புறம் சுவர் வந்துவிட்டது. வாசலில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, முற்றத்தை நெடுக வெட்டி, கொல்லைக்கு வந்து, கிணற்றின் வாய்க்குக் குறுக்கே போட்ட இரும்பு உத்தரத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, மதில் வரைக்கும் போகிற சுவர். உத்தரத்துக்குக் கீழே மட்டும் சுவர் இல்லை. கீழே தண்ணீர் ஒன்றாகத்தான் கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம். இரண்டு வாளிகளும் சில சமயம் உள்ளே மோதிக்கொள்ளும், மேலே இழுப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே கயிற்றைத் தளர்த்தி வழிவிடுவார்கள். அந்தப் பக்கம் இருப்பது புனிதவதி, அவருடைய பெரியப்பாவின் மகள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், ஒண்டிக்கட்டை. கொரோனா வருஷத்தில் ஒருநாள் காலை அவள் தன் பூனையிடம், ஆனால் கிணற்றுக்குள் விழும்படியாக, "மூச்சு முட்டினா வாளியை ஒரு தட்டுத் தட்டணும். சத்தம் கேட்டா யாராவது வருவாங்க. சத்தமே கேக்கலைன்னாலும் வருவாங்க" என்று சொன்னாள். மறுநாளிலிருந்து காலையில் அந்தப் பக்கம் வாளியில் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. நோய் போய் ஊர் முகமூடியைக் கழற்றிய பிறகும் அதை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்துவதென்றால் நிறுத்தலாமா என்று கேட்டாக வேண்டும். கேட்பதென்றால் பேசியாக வேண்டும். இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சு கிடையாது, சுவருக்கு என்ன வயதோ அத்தனை வயது அதற்கும். இன்றைக்கு வெயில் கிணற்றின் விளிம்புக்கு வந்துவிட்டது, தட்டு வரவில்லை. தூங்கிவிட்டிருப்பாள். தூங்குகிற ஆளா அவள்? மாடிப்படியில் இறங்கும்போது கால் இடறி... போன ஐப்பசி மழையில் அவள் பக்கத்து மாடி அறை ஒன்று நள்ளிரவில் உட்கார்ந்த மாதிரி விழுந்தது நினைவுக்கு வந்தது. இடி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தவர், இருமல் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டார். அவளுடைய இருமல் அவருக்குத் தெரியும். முகம்தான் சரியாகத் தெரியாது. தெருவில் எதிர்ப்பட்டால் இருவருமே தரையில் எதையோ தொலைத்தவர்கள் போல நடப்பார்கள்.

"காப்பி குடிக்கவா, இல்லை கிணத்துக்குக் காட்டவா?" என்றாள் வசுமதி, அடுக்களை வாசலில் நின்று. அவர் மனைவி. முப்பது வருஷத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வந்தபோது, "இது என்ன பைத்தியக்காரக் குடும்பம்" என்று முதல் வாரத்திலேயே சொல்லி, அதை இன்றுவரை மாற்றிக்கொள்ளாதவள். "பள்ளிக்கூடத்துல பெல் அடிச்சாக்கூட வாய் ஓயாதாம். பசங்க சொல்றாங்க, ஐயா பேச ஆரம்பிச்சா இலக்கணம் கொல்லுதுன்னு. வீட்டுக்குள்ள வந்தா வாயைக் கழட்டி ஆணியில மாட்டிட வேண்டியது. இன்னைக்கு லீவு போட்டது எதுக்கு? 'சரி'ன்னு ரெண்டு எழுத்து சொல்றதுக்கு. ரெண்டே எழுத்து. ரேணுகா பொண்ணு வர்ற நேரமாச்சு." அவர், "அந்தப் பக்கம் சொன்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லைன்னு சொல்லிட்டேனே" என்றார். "அவங்களும் அதையேதான் சொல்லியிருக்காங்க. நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு உபசாரம் பண்ணிக்கிட்டே இருங்க, வீடு ரெண்டு பேரையும் முந்திக்கும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே தாளிக்கும் சத்தத்தோடு அவள் பேச்சும் தொடர்ந்தது, ஆனால் அது அவருக்கானதில்லை, கடுகுக்கானது.

ரெண்டு எழுத்து. உண்மைதான். ரேணுகா பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் அறக்கட்டளை ஒன்றிலிருந்து வருகிற பெண். சின்ன வயசு, கட்டைவிரலில் எப்போதும் சுண்ணாம்பு. இந்த வீட்டை முழுக்கச் செப்பனிட்டுத் தருகிறோம், நீங்கள் இரண்டு குடும்பமும் இதிலேயே இருங்கள், இடிக்காமலும் விற்காமலும் இருந்தால் போதும் என்றார்கள். முதல் நாள் வந்தபோது கூடத்துச் சுவரை ஒரு சின்னக் கத்தியால் சுரண்டினாள். மேலே பச்சை, அடியில் ரோஜா, அதற்கடியில் காவி, அதற்கும் அடியில் முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளை. "எந்தக் காலத்துக்குத் திருப்பிக் கொண்டு போறதுன்னு முடிவு பண்ணணும் சார்" என்றாள். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. எந்தக் காலத்துக்கு? தாத்தா கப்பலில் தேக்கு இறக்கிய காலத்துக்கா? ரோஜா நிறம் அம்மா கல்யாணமாகி வந்தபோது அடித்தது என்று சொல்வாள். பச்சை அப்பா அடித்தது, அந்தப் பக்கத்தார் மஞ்சள் அடித்ததால். பிறகு ரேணுகா முற்றத்துக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள், முற்றத்து உத்தரங்களில் ஓடிய வெடிப்பு விரிகிறதா என்று பார்க்க அதன் மேல் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒட்டிவிட்டுப் போனாள். அடுத்த மழையில் கண்ணாடி கீறிப் பிளந்திருந்தது. "இந்தச் சுவர் ஒரிஜினல் இல்லை சார். அஸ்திவாரமே இல்லாம முற்றத்துக் கல் மேல அப்படியே எழுப்பியிருக்காங்க. இதோட பாரம்தான் வீட்டை இழுக்குது. இது இருக்கிற வரைக்கும் நாங்க மேல என்ன பண்ணினாலும் நிக்காது. சுவர் வேணுமா வீடு வேணுமான்னுதான் கேக்கணும்" என்றாள். ரெண்டு பக்கமும் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சித்திரை போனது, ஆடி போனது. சாரக் கம்புகள் வாசலில் அடுக்கியபடியே கிடந்தன. இன்று சொல்லாவிட்டால் ஆட்களையும் கம்புகளையும் வேறு தெருவில் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அந்த வீடும் விழுகிற நிலைதான், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம் ஐப்பசி வரும். அவள் படுப்பது விழுந்த அறைக்கு அடுத்த அறையில்.

ஒரிஜினல் இல்லை. அந்தச் சொல்லில்தான் மனம் போய் மாட்டிக்கொள்கிறது. ஒரிஜினல் இல்லாத சுவரோரத்தில்தான் அவர் வளர்ந்தார். சுவர் எழும்பும்போது அவருக்கு ஏழு வயது இருக்கும். அதற்கு முன் இருந்த வீடு என்றால் ஒரே ஒரு ஞாபகம்: முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தில் ஓடுவது. தூண்களுக்கு இடையில் வளைந்து வளைந்து, புனிதாக்கா முன்னால், அவர் பின்னால், அவளுடைய பாவாடை நுனி ஒவ்வொரு மூலையிலும் திரும்பி மறைந்து மறைந்து தெரியும். ஓடிக்கொண்டே இருந்தால் துரத்துகிறவர் யார், ஓடுகிறவர் யார் என்பது மாறிப்போய்விடும், சுற்று வந்து அவளே அவருக்குப் பின்னால் வந்து நிற்பாள். சுவர் வந்த மறுநாள் பழக்கத்தில் ஓடிப்போய் ஈரச் சிமெண்டில் கை வைத்து நின்றார். பிறகு திரும்பி ஓடி வந்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லா ஓட்டமும் அப்படித்தான், போய் முட்டித் திரும்புவது. யோசனையும் அப்படித்தான் ஆகிவிட்டதோ? எதை எடுத்தாலும் பாதி தூரம் போய்க் கையை வைத்து நின்று, திரும்பி வருகிற புத்தி. கொத்தனார்கள் அவசரத்தில் ஒரு தேக்குத் தூணைச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிவிட்டார்கள். நடுவே புதைந்து, இந்தப் பக்கம் பாதி வயிறு, அந்தப் பக்கம் பாதி வயிறு. அந்தப் பாதித் தூணில் சாய்ந்துதான் அவர் பரீட்சைக்குப் படித்தார். மறுபாதியில் அவள் சாய்ந்திருந்தாளா? சில நாள் முதுகில் தூண் சூடாக இருக்கும். வெயில்தான், என்று நினைத்துக்கொள்வார். மழைநாளிலும் அப்படி இருந்ததே என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன?

வாசலும் அப்படித்தான். பெரிய கதவு பெரியப்பாவின் பாகத்துக்குப் போய்விட்டது. கதவுக்கு மேலே சுதையில் செய்த லட்சுமியும் இரண்டு யானைகளும். சுவர்க் கோடு சரியாக விழுந்ததில் லட்சுமியும் ஒரு யானையும் அவர்களுக்கு, மிச்சம் ஒரு யானை இவர்களுக்கு. "போகட்டும், யானையாவது வந்துதே" என்று அப்பா சொன்னது வீட்டில் பல காலம் சிரிப்பாக இருந்தது. கதவு இல்லாததால் தெருப்பக்கத்து ஜன்னலை இடித்து வாசலாக்கினார்கள். அதன் மேல் வளைவும் கண்ணாடிப் பூவேலையும் அப்படியே ஜன்னலுக்கானவை. ஆக, வாழ்நாள் முழுவதும் அவர் ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் போய் வந்திருக்கிறார், திருடனைப் போல. வசுமதி கல்யாணமாகி வந்தபோது, வலது காலை எடுத்து வைக்கும்போது, "எந்தப் பக்கம் ஏறிக் குதிக்கணும்?" என்று காதில் கேட்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சொல். ஒரு சொல்கூட இல்லை, ஓர் உருபு. பெரியப்பாவைப் பார்க்க யாரோ வெளியூர்க்காரர் வந்திருந்தார். அப்பாவுக்கு அப்போது வேலை இல்லை, ஆலையில் கதவடைப்பு. வந்தவர் அப்பாவைக் காட்டி, தம்பி என்ன பண்றார் என்று கேட்டாராம். பெரியப்பா சொன்னாராம்: "வீட்டோட இருக்கான்." அப்பா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அண்ணன் சாப்பிட உட்கார்ந்தால் தம்பி எழுந்துவிடுவது, பிறகு அடுப்பு இரண்டானது, பிறகு சுவர். வீட்டோட மாப்பிள்ளை என்கிறோம். வீட்டோட கிடக்கிற கிழவி என்கிறோம். வீட்டோட வைத்த வேலைக்காரி. உழைக்காமல் ஒண்டிக்கொண்டு ஒட்டுண்ணியாய் இருக்கிறவன் என்றுதானே அர்த்தம்? அப்பா சாகும்வரை அதைத்தான் சொன்னார்: "என் வீட்டுலயே என்னை வீட்டோட இருக்கான்னுட்டான்." பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது தணிகாசலத்துக்கு நாக்கு ஒரு கணம் தடுக்கும். ஓடு என்பது உடனிகழ்ச்சிப் பொருள் தரும். சேர்ந்து இருப்பதைச் சொல்லும் உருபு. தாயொடு குழந்தை வந்தது. சேர்ப்பதற்கென்று தமிழில் இருக்கிற உருபு ஒரு வீட்டைப் பிளந்தது. அதற்கு இலக்கணக்காரர்கள் வைத்த பேரும் வேற்றுமை. சிரிக்கலாம். பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர் சொன்னதில்லை.

ஆண்கள் பேசாமல் இருந்தார்கள், பெண்கள் சாடையாகப் பேசினார்கள். அம்மா கிணற்றடியில் காக்கையிடம், "ராத்திரியெல்லாம் இருமினா சுக்குத் தண்ணி வச்சுக் குடிக்கணும்னுகூடத் தெரியலை சிலதுக்கு" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா முருங்கை மரத்திடம், "எங்க வீட்டு இருமலுக்கு ஊரார் சுக்கு வேணாம்" என்பாள். மறுநாள் காலை சுவரைத் தாண்டிச் சுக்கு வாசனை வரும். அம்மா மூக்கை மட்டும் சுருக்கிச் சிரிப்பாள். ஒரே மாமியாரும், இரண்டு தீபாவளிகளும், வாத நோய்க்கு எந்த வைத்தியர் நல்லவர் என்பதும், யாருக்குப் பெண் பிறந்தது என்பதும், எல்லாம் காக்கையும் பூனையும் முருங்கையும் கேட்டுக் கேட்டுச் சுவரைத் தாண்டின. அதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதை அவர் பிற்பாடுதான் கண்டுபிடித்தார்: சாடைப் பேச்சில் முன்னிலை கிடையாது. நீ இல்லை, நீங்கள் இல்லை. சிலது, சிலர், யாரோ, ஊரார், இந்த வாளி, அந்த மரம். எல்லாமே படர்க்கை. அம்மாவும் பெரியம்மாவும் போன பிறகு வசுமதி அந்த வேலையை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டாள். "எனக்குப் பூனை பாஷை வராது" என்றாள். ஆகவே அவரே, ஒரு நாள், தன்னையறியாமல், கையிலிருந்த வாளியைப் பார்த்து, "பிளாஸ்டிக் வாளி வாங்கினா இப்படித்தான், சத்தமே வராது" என்று சொன்னார். பிறகு புனிதவதியின் குரல், பூனையிடம்: "கேட்டியா, இப்பல்லாம் ஆம்பிளைங்களும் வாளியோட பேசுறாங்க." சிரிப்பு இருந்ததா அதில்? இருந்தது என்றே இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் போய் ஒரு பித்தளை வாளி வாங்கினார்.

இதெல்லாம் சுவர் இருக்கிறவரைக்கும். சுவர் போனால்? அதுதான் பயம், வேறு ஒன்றும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லாத ஒரு முற்றத்தில் அவள் வந்து நிற்பாள், நரைத்த தலையும் கண்ணாடியுமாக, ஏறக்குறைய அந்நியமான ஒரு பெண். அவர் என்ன சொல்லி அவளை அழைப்பார்? ஏழு வயதில் நீ என்றார். இப்போது நீ என்று சொல்ல எந்த உரிமை? நீங்கள் என்றால் அது இன்னொரு சுவர், இதைவிட உயரமாக, ரேணுகாவால் இடிக்க முடியாததாக. மூன்று எழுத்து கூடுகிறதா குறைகிறதா என்பதில் அவ்வளவும் இருக்கிறது. கல்யாண வீட்டில் யாரிடமோ பேசவேண்டி வந்து, வயது தெரியாமல், முன்னிலையே வராமல் வாக்கியத்தை வளைத்து வளைத்து, சாப்பாடு ஆச்சா, பஸ் கிடைச்சுதா, என்று தப்பிப்போம் இல்லையா, அந்த மாதிரி மிச்ச வாழ்நாள் முழுவதும் ஒரே முற்றத்தில் தப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? சுவருக்குப் பின்னால் அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். எத்தனை மணிக்கு எழுவாள், எந்தப் பாத்திரத்தைத் தேய்க்கும்போது அலுத்துக்கொள்வாள், எந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் தண்ணீர் இறைப்பதை நிறுத்துவாள். சுவர் போனதும் தெரியாமல் போய்விடும். பழுதுபார்ப்பவர்கள் இதையும் ஒரு நிறமாகச் சுரண்டி எடுத்துவிடுவார்கள், ரோஜாவுக்குக் கீழே, காவிக்கும் கீழே, இது ஒரிஜினல் இல்லை சார். ஆனால் வீடு? அவள் படுக்கிற அறை? சுவரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் போனால், சுவர் யாருக்கு? இது தெரியாததில்லை. தெரிந்துதான் இப்படி உட்கார்ந்திருக்கிறார். போய், முட்டி, திரும்பி. தட்டு இன்னும் வரவில்லை. எழுந்து தெருவழியாகப் போய் அந்தப் பெரிய கதவைத் தட்டலாமா? தட்டினால் அவள் திறந்து, ஒன்றும் ஆகாமல் நின்று, என்ன என்று பார்த்தால்? பார்க்கட்டும். அதைவிடத் திறக்காமல் இருந்தால்... காப்பியைக் கீழே வைத்தார். டம்ளரில் ஆடை படிந்து ஒரு எறும்பு அதன் மேல் நடந்துகொண்டிருந்தது. எழுந்துவிட்டார்.

"என் வாளி எங்கப்பா?"

சுவருக்கு அந்தப் பக்கம். குரல். நிதானமான, கொஞ்சம் கரகரத்த, காலை நேரத்துக் குரல். அவர் மறுபடி கல்லில் உட்கார்ந்தார்.

"சுண்ணாம்பு ஊறப்போடக் கொண்டுபோனேன்மா, இதோ கழுவித் தர்றேன்" என்றது மேஸ்திரி எத்திராஜுவின் குரல். ரேணுகாவின் ஆள். இரண்டு பக்கமும் வேலை பார்ப்பதற்காகத் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஒரு வீட்டுல வேலை பார்க்க ரெண்டு ஊர் பஸ் புடிக்கணும் போலிருக்கு" என்று புலம்புகிறவர்.

"கேக்காம எடுக்கலாமா? வேற எதையாவது எடு. காலையில அதுல எனக்கு ஒரு வேலை இருக்கு."

"தண்ணி நான் இறைச்சுத் தர்றேனேமா."

"தண்ணி வேலை இல்லை."

"வாளியில தண்ணி இறைக்காம வேறென்ன வேலை?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. கொண்டா."

தணிகாசலம் கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கருங்கல் வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. ஒரு வேலை இருக்கு. அது சாடையா, இல்லை வெறுமனே சொன்னதா? அவர் இங்கே உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியுமா? தெரியும், துவைக்கிற கல் ஆடும்போது கிறீச்சிடும், அவளுக்கும் அவருடைய சத்தங்கள் தெரிந்திருக்க வேண்டும், இது வரைக்கும் அது தோன்றவே இல்லையே. அவருடைய செருமல், செருப்புச் சத்தம், பாடம் நடத்தப் போகுமுன் கிணற்றடியில் நின்று தனக்குத் தானே சொல்லிப் பார்க்கிற நூற்பாக்கள், எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்திருக்கும். ஒரு வீடு முழுக்க அவர்மேல் காது வைத்திருந்திருக்கிறது. சாடை பேசியது பெண்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தார். சுவர் மேல் பூனை வந்து உட்கார்ந்தது. பழுப்பில் வெள்ளைத் திட்டு. கீழே இரண்டு பக்கமும் ஒரே அலட்சியத்தோடு பார்த்தது. இந்தப் பக்கம் குதித்தால் வசுமதியின் மீன் கழுவும் தண்ணீர், அந்தப் பக்கம் குதித்தால் பால். வீடு பிளந்ததே தெரியாமல் ஓர் உயிர்.

"இந்தப் பூனை யாரோடதும்மா?" எத்திராஜு வாளியைத் தேய்க்கிற சத்தத்தோடு கேட்டார். "நேத்து அந்தப் பக்கம் படுத்துக்கிட்டிருந்துது, இன்னைக்கு இங்க. இதுக்கு எந்தப் பங்கு?"

"பங்கென்ன பங்கு," என்றாள் புனிதவதி. "நம்ம வீட்டோட இருக்குது."

எத்திராஜு எதற்கோ சிரித்தார். வாளி கல்லில் உரசியது. அடுக்களையில் வசுமதி மிளகாயை வதக்க, நெடி மூக்கில் ஏறியது. ஆனால் தணிகாசலத்துக்கு எல்லாம் ஒரு சொல்லில் போய் நின்றுவிட்டது. நம்ம வீட்டோட. அந்தச் சொல்லை அவர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார், அப்பாவின் வாயில், பல்லைக் கடித்தபடி, இப்படிக் கேட்டதில்லை. இது பெரியப்பாவின் குரல் விழுகிற விதம். கடைசி அசையைச் சற்று இழுத்து, வாயில் வெற்றிலை இருப்பது போல. அவள் அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டது. நம்ம வீட்டோட இருக்குது. விரட்டவில்லை, ஓடவில்லை, எங்கும் போகவில்லை, நம்மோடு இருக்கிறது. பெரியப்பா அந்த வெளியூர்க்காரரிடம் எப்படிச் சொல்லியிருப்பார்? 'நம்ம' இருந்திருக்குமா? அப்பா திரும்பத் திரும்பச் சொன்னதில் 'நம்ம' இல்லை. கோபத்தில் உதிர்ந்திருக்குமா, இல்லை முதலிலிருந்தே இல்லையா? எல்லோரும் உருபைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள், அதற்கு முன்னால் ஒரு சொல் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்கள் யாரும் இப்போது இல்லை. தெரிந்துகொள்ளவே முடியாது. அவள் இதை வேண்டுமென்றே சொன்னாளா? வாளியில் சத்தம் வராததற்குப் பதிலாக, இது? இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா, பூனையைப் பற்றி, பூனைக்காக? சாடை என்றால் அதுதானே. சொன்னவர்கள் சொல்லவே இல்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். கேட்டவர் கேட்கவே இல்லை என்றும் இருந்துவிடலாம். இத்தனை வருஷம் அப்படித்தான் இருந்தது. சொல்லாமல் சொல்லி, கேட்காமல் கேட்டு. அதிலே ஒரு சுகம் இல்லையா? இருந்தது. பூனை சுவரின் மேல் எழுந்து முதுகை வளைத்தது. வாசல் பக்கம் ரேணுகாவின் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம். எந்த வாசலில் முதலில் ஏறுவது என்று தெரியாமல் அவள் எப்போதும் நடுவில்தான் நிறுத்துவாள், ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில், அந்த ஒற்றை யானைக்குக் கீழே.

வகுப்பில் வேற்றுமையை நடத்தி முடிக்கும்போது கடைசியாக ஒன்றைச் சொல்வார். எட்டாம் வேற்றுமை. விளி. அதற்கு உருபு என்று தனியாக ஒன்றும் கிடையாதுடா, மனப்பாடம் பண்ண ஒன்றுமில்லை, கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அதுதான் எளிது. பரீட்சையில் எல்லோரும் அதைச் சரியாக எழுதிவிடுவார்கள்.

கிணற்றின் மேல் குனிந்தார். கீழே தண்ணீரில் ஒரு தலை, நடுவில் உத்தரத்தின் நிழல். குனிந்ததில் சட்டைப் பையிலிருந்த பேனா நழுவி விழுந்தது; அலை வளையம் வளையமாய் விரிந்து, உத்தரத்துக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போயிற்று.

"அக்கா."

தான் நினைத்ததைவிடச் சத்தமாக. கிணறு அதை வாங்கி, சுற்றி, இரண்டு பக்கமும் திருப்பிக் கொடுத்தது. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வாளி தேய்க்கிற சத்தமும் நின்றுவிட்டது. பூனை மட்டும் நடந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எறும்பு டம்ளரின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற நேரம். அவருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. யாரையோ கூப்பிட்டேன், தெருவில் போன யாரையோ, என்று சொல்லிக்கொள்ளலாம்.

"கிணத்துல என்னடா போட்டே?" என்றாள் புனிதவதி.

போட்டே. அவர் அந்த வினைமுற்றை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பதில் சொல்ல வேண்டும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.

"பேனா."

"சின்ன வயசுலயும் இப்படித்தான். ஸ்லேட்டுக் குச்சியில இருந்து எல்லாம் உள்ள. கிணறு இறைச்சா ஒரு பள்ளிக்கூடமே எழும்பி வரும்." குரல் இன்னும் பக்கத்தில் வந்திருந்தது, அவளும் குனிந்திருக்க வேண்டும். தண்ணீர் கலங்கிக் கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. "என்ன, சொல்லு."

"சுவர்..." என்றார். "நீ என்ன சொல்றே?"

"நீதான் வாத்தியார், நீ சொல்லு."

"எடுத்துடலாம்க்கா."

"எடுத்துடலாம்" என்றாள் அவள் உடனே, இவ்வளவு காலமாகக் கையில் வைத்திருந்ததை நீட்டுகிறவள் போல. பிறகு, வேறு குரலில்: "தூணு செல்லரிச்சிருக்கும்டா, பார்த்து எடுக்கச் சொல்லு. இந்தப் பக்கம் நல்லாத்தான் இருக்கு. நான் எண்ணெய் தடவுவேன்."

"சார்!" எத்திராஜு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார், அவருக்குத்தான் எல்லாவற்றையும் நம்ப முடியவில்லை. "ரெண்டு பேரும் சரின்னுட்டீங்க, சந்தோஷம். ஆனா ரேணுகா மேடம் வந்து யாரு மொதல்ல சொன்னாங்கன்னு கேப்பாங்க. அதுல தானே இவ்வளவு நாளும் நின்னுது. நான் யாருன்னு சொல்லட்டும்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"பூனைன்னு சொல்லு."

வசுமதி அடுக்களையில் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. பூனை சுவரின் மேல் நின்று ஒரு காலை நக்கிக்கொண்டிருந்தது, இறங்குவதற்கு எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யாமல். தணிகாசலம் தன் பித்தளை வாளியைக் கிணற்று மேடையிலிருந்து எடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து, கழுவிய வாளியின் அடியில் விரல் முட்டியால் ஒரு தட்டு வந்தது, வழக்கமான நேரத்துக்கு ரொம்பவும் பிந்தி. அவர் கையை ஓங்கி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, தட்டாமல் வாளியைக் கீழே வைத்தார்.

"இருக்கேன்க்கா" என்றார்.